ஆய்வாளர் வரும் நாள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்ற சொல்லுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். முந்தின நாளே வகுப்பைக் கூட்டிப் பெருக்குவார்கள். பரணில் கிடந்த படங்கள் சுவருக்கு வரும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை முதல் வரிசைக்கு வருவாள், திக்கித் திக்கிப் படிக்கிற பையன் கடைசி வரிசைக்குப் போவான். "கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை" என்ற பழைய தந்திரத்தைக் கேள்விப்படாத ஊர் இருக்காது. மதியம் ஆய்வாளர் பதிவேட்டில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியதும் பள்ளிக்கூடம் மொத்தமாக மூச்சு விடும். படங்கள் திரும்பவும் பரணுக்குப் போய்விடும்.

சிரிப்பான கதைதான். ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இப்படி நடிக்கச் சொல்லி எந்த அரசாணையும் கிடையாது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. இருந்தும் கன்னியாகுமரி ஆசிரியருக்கும் கிருஷ்ணகிரி ஆசிரியருக்கும் இது தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவார்.

மேலாண்மைப் புத்தகங்களில் இதற்கு 'நிறுவனப் பண்பாடு' என்று பெயர். கொஞ்சம் கனமான சொல். எளிமையாகச் சொன்னால், ஒரு துறையில் யாரும் உத்தரவு போடாமலே எல்லோரும் செய்கிற காரியங்கள். யார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எதை எழுதி வைத்தால் தப்பிக்கலாம், யாரிடம் "எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லலாம், யாரிடம் சொல்லவே கூடாது, இந்த மாதிரி விஷயங்கள். நம் கல்விச் சீர்திருத்த வரலாறு பெரும்பாலும் திட்டங்களின் வரலாறாகவும் தலைவர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பழக்கங்களின் வரலாறாகவும் எழுதலாம். அப்படி எழுதினால் சில புதிர்கள் அவிழும். நல்ல திட்டம், நேர்மையான அதிகாரி, தேவையான பணம் எல்லாம் இருந்தும் ஒரு சீர்திருத்தம் ஏன் சில வருஷங்களில் நீர்த்துப் போகிறது என்ற புதிர் அதில் முக்கியமானது.

திண்ணை யாருக்குப் பதில் சொன்னது?

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தன் ஆட்சியர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, என்ன படிக்கிறார்கள்? பதில்கள் வந்து சேர்ந்து தொகுக்கப்பட்டபோது 1826 ஆகிவிட்டது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இதில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540 பேர். இருபதாம் நூற்றாண்டில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு இந்த எண்களை வைத்து நிறைய சண்டை நடந்திருக்கிறது. பழைய கல்வி பொற்காலமா இல்லையா என்ற அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். தலித் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் மூடியே இருந்தன. அதை மறந்துவிட்டுப் பேசுகிற எந்தப் பெருமையும் அரைகுறைதான்.

நமக்கு வேண்டியது வேறொரு கேள்வி. திண்ணை வாத்தியார் யாருக்குப் பதில் சொன்னார்? பிள்ளைகளின் வீட்டாருக்கு. அவர்கள் கொடுக்கும் காசு, தானியம், பண்டிகை நாட்களில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடி வாங்கி வரும் அன்பளிப்பு, இதில்தான் அவர் பிழைப்பு ஓடியது. பையனுக்குக் கணக்கு வரவில்லையென்றால் அப்பா நேரே வந்து கேட்பார். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். முன்னால் படித்துவிட்ட பையன், பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் விடுதியில் வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. இந்தச் சட்டாம்பிள்ளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருஷம் கழித்து வேறு பெயரில் திரும்பி வருவான்.

மன்றோ ஒரு திட்டமும் வைத்தார். ஆட்சியரகம் ஒவ்வொன்றிலும் இரண்டு பள்ளி, தாசில் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளி. 1827இல் அவர் காலராவில் இறந்துபோனார். 1836இல் அந்தப் பள்ளிகள் கைவிடப்பட்டன. நிர்வாகத்தின் அடியில் வேர் பிடிக்காத திட்டம், தாங்கிப் பிடித்த ஆள் போனதும் போய்விட்டது. இந்தக் காட்சியையும் திரும்பப் பார்ப்போம்.

தலைக்கு இவ்வளவு

1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. அடுத்த வருஷமே சென்னையில் பொதுக்கல்வித் துறை உருவானது. ஏ.ஜே.அர்பத்நாட் முதல் இயக்குநர். அவருக்குக் கீழே ஆய்வாளர்கள், அவர்களுக்கும் கீழே துணை ஆய்வாளர்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் 'இன்ஸ்பெக்டர்' நுழைந்தது இப்படித்தான்.

அப்போது அரசு நேரடியாக நடத்திய பள்ளிகள் குறைவு. மிஷனரிகளும் தனியாரும் நடத்தியவற்றுக்கு மானியம் கொடுப்பதுதான் அரசின் வழி. யாருக்கு எவ்வளவு கொடுப்பது? இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் ஒரு விடை கண்டுபிடித்திருந்தார். ஆய்வாளர் போவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார், தேறினால் தலைக்கு இவ்வளவு என்று பணம். 'விளைவுக்கேற்ற மானியம்'. 1868 விதிகள் மூலம் சென்னை மாகாணத்துக்கும் இது வந்தது. திண்ணைப் பள்ளிகளையும் அரசின் வளையத்துக்குள் கொண்டுவர இதுதான் தூண்டில்.

காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத ஏற்பாடு. பிள்ளை படித்தால் காசு, படிக்காவிட்டால் இல்லை. ஆனால் வகுப்பறைக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாத்தியாரின் வருஷ வருமானத்தில் ஒரு பங்கு ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு மனிதர் கேட்கப்போகும் கேள்விகளில் தொங்குகிறது. அந்த மனிதர் எந்தப் பாடத்திலிருந்து கேட்பார் என்று முன்கூட்டியே தெரியும். அப்புறம் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர வேறு எதைச் செய்தாலும் அது வாத்தியாருக்கு நஷ்டம். இங்கிலாந்திலேயே இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் கவிஞர் மாத்யூ ஆர்னால்ட். அவர் வெளியிலிருந்து பேசவில்லை, அவரே பள்ளி ஆய்வாளர். இது கல்வியை இயந்திரமாக்குகிறது என்று தன் அறிக்கைகளில் தொடர்ந்து எழுதினார்.

திண்ணை வாத்தியார் அதுவரை ஊரைப் பார்த்து நின்றிருந்தார். இப்போது முகத்தை ஆய்வாளர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பணம் வருகிற திசை மாறிவிட்டது.

கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த மானிய முறையைக் கைவிடச் சொன்னது. பணத்துக்கும் சோதனைக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் அந்த முடிச்சு பழக்கிவிட்ட காரியம் அவிழவில்லை. ஒரு தலைமுறைக்கும் மேலாக ஆசிரியர்கள் கற்றுக்கொண்ட பாடம் இது: பள்ளிக்கூடத்தில் முக்கியமான நாள் பிள்ளை கற்றுக்கொண்ட நாள் இல்லை, ஆய்வாளர் வந்த நாள். அந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அடுத்த தலைமுறையில் ஆசிரியரானார்கள். அதில் சிலர் ஆய்வாளரும் ஆனார்கள். காரணம் செத்துப்போன பிறகும் வழக்கம் வாழும். கல்வித்துறையில் அது ரொம்ப ஆரோக்கியமாகவே வாழ்ந்தது.

ஆணை வந்தால் ஓடும்

விடுதலைக்குப் பிந்தைய சென்னை மாநிலத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம்தான் வகுப்பு, இரண்டு முறையாகப் பள்ளி நடக்கும், மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழகலாம். சட்டமன்றத்தில் முன்கூட்டி விவாதிக்காமலே அறிவிக்கப்பட்டது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் முதல்வரான காமராஜர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்.

அரசியல் வரலாறாக இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கல்வித்துறைக்குள்ளிருந்து பாருங்கள். மாகாணத்தின் மூலை முடுக்கில் இருந்த பள்ளிகள் ஓர் ஆணையில் பாதிநேரப் பள்ளிகளாக மாறின. இன்னோர் ஆணையில் முழுநேரத்துக்குத் திரும்பின. லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையைத் தொடும் விஷயம். இரண்டு முறையும் இயந்திரம் முணுமுணுக்காமல் சுழன்றது. ஆணை வந்தால் ஓடும், ஆணை போனால் நிற்கும். தவறான ஆணை என்றாலும் அப்படித்தான், சரியான ஆணை என்றாலும் அப்படித்தான். இந்தக் கீழ்ப்படிதலைத் திறமை என்று நினைத்துக்கொள்வது ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருக்கும்.

இரண்டாவது சம்பவம் காமராஜர் காலத்தின் பள்ளி விரிவாக்கம். அதன் நிர்வாக மூளை நெ.து.சுந்தரவடிவேலு. துறையின் கீழ்நிலை ஆய்வு அலுவலராகத் தொடங்கி 1954இல் இயக்குநரானவர். ஊர் ஊராகச் சைக்கிளும் மாட்டுவண்டியுமாகப் பள்ளிகளைப் பார்க்கப் போன தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதால் ஆய்வாளரின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியும். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர் மக்களின் பங்களிப்பை நம்பித்தான் நின்றது. அரசுப் பங்கு பிறகு சேர்ந்துகொண்டது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை, கட்டடம் என்று கொண்டுவந்து குவித்தார்கள்.

இதில் பண்பாட்டு மாற்றம் எங்கே நடந்தது? ஆய்வாளரின் நடையில். நூறு வருஷமாகப் பதிவேட்டோடு ஊருக்குள் வந்தவர் இப்போது ஊர்ப் பெரியவர்களிடம் கோரிக்கையோடு வந்தார். "உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. குற்றம் கண்டுபிடிப்பவர் உதவி கேட்பவராக நின்றார். திண்ணைக் காலத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் மறுபடியும் ஊரைப் பார்த்துத் திரும்பிய அரிய தருணம் அது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சீர்திருத்தம் துறையின் பழைய பழக்கத்தோடு மோதவே இல்லை. எத்தனை ஊரில் பள்ளி இல்லை, எத்தனை பிள்ளை சேர்ந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எல்லாமே எண்ணக்கூடியவை. எண்ணுவது துறைக்குக் கைவந்த கலை. தன் பழக்கத்தோடு ஒத்துப்போகிற இலக்கைக் கொடுத்தால் அந்த இயந்திரம் என்ன சாதிக்கும் என்பதற்கு ஐம்பதுகள் சாட்சி. வகுப்பறைக்குள் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார், பிள்ளை வாயைத் திறந்து கேள்வி கேட்கிறதா என்ற இடத்துக்கு அது போகவில்லை. அந்தக் கட்டத்தில் போகவும் முடியாது. பள்ளியே இல்லாத ஊரில் கற்பித்தல் முறையைப் பற்றி என்ன பேசுவது?

பாய்

அந்த இடத்துக்குப் போக ஐம்பது வருஷம் ஆனது.

1990களில் வேலூர் ஆட்சியராக இருந்த எம்.பி.விஜயகுமார், கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளைப் படிக்க வைக்க வழி தேடினார். வெவ்வேறு வயது, சிலருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது, எல்லோரையும் ஒரே பாடத்தில் ஒரே வேகத்தில் நடத்த முடியாது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி இருக்கிறது. ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான பள்ளி. அதன் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்காக பத்மநாப ராவும் ரமாவும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பாடப்புத்தகம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அட்டைகளின் வரிசை ஓர் ஏணிப்படியாகச் சுவரில் தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

2003இல் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையர். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போனார்கள், பார்த்தார்கள், பயிற்சி பெற்றார்கள், திரும்பி வந்து சென்னைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அட்டைகளைத் தயாரித்தார்கள். முதலில் 13 பள்ளிகள். அடுத்து மாநகராட்சியின் 264 பள்ளிகள். 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர் வந்தது.

அந்த வகுப்பறையைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்து, வட்ட வட்டமாகத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு குழுக்கள். ஒன்றுக்கு ஆசிரியரின் முழு உதவி, ஒன்றுக்குப் பாதி உதவி, சிலவற்றில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை சொல்லிக் கொடுக்கும். சட்டாம்பிள்ளை திரும்பி வந்துவிட்டான், இந்த முறை பிரம்பு இல்லாமல். வருகையைப் பிள்ளைகளே குறித்துக்கொள்கிறார்கள். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கரும்பலகை. அவர்கள் வரைந்தவை தலைக்கு மேலே கயிற்றில் தொங்குகின்றன. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்.

பாயில் உட்காருவது சின்ன விஷயமா? நம் ஊரில் யார் நாற்காலியில் உட்காரலாம், யார் தரையில் உட்கார வேண்டும் என்பதற்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தால் தெரியும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிசைப் பகுதிகளிலிருந்தும் உழைக்கும் குடும்பங்களிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்குச் சமமான உயரத்தில் ஆசிரியர் இறங்கி உட்காருவது பாடத்திட்டத்தில் எங்கேயும் எழுத முடியாத பாடம். ஐம்பதுகளின் சீர்திருத்தம் ஆய்வாளருக்கும் ஊருக்கும் இருந்த உறவை மாற்றியது. இது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இருந்த உறவைத் தொட்டது.

முதல் வருஷங்களில் இது ஏன் உயிரோடு இருந்தது என்பதற்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. அந்த ஆசிரியர்கள் போய்ப் பார்த்தவர்கள். அட்டையை வெட்டி ஒட்டியவர்கள். ஓர் அட்டை வேலை செய்யவில்லையென்றால் "இது சரியா வரலை" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது, ஏனென்றால் அது அவர்கள் செய்த அட்டை.

ஏணி பதிவேடான கதை

விஜயகுமார் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2006-07இல் ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்துப் பள்ளிகள். 2007-08இல் மாநிலம் முழுக்க, 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு வேகத்தில் வகுப்பறையின் அமைப்பையே மாற்ற முயன்றதில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். யுனிசெஃப் கைகொடுத்தது, வெளிமாநிலங்களிலிருந்து குழுக்கள் பார்க்க வந்தன.

13 பள்ளியிலிருந்து 37,000 பள்ளிக்குப் போகும்போது அட்டை போனது, ஏணி போனது, பாய் போனது. போய்ப் பார்த்த அனுபவம் போகவில்லை. போகவும் முடியாது. மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது துறைக்குத் தெரிந்த ஒரே வாகனம்: சுற்றறிக்கை, பயிற்சி, பார்வை, அறிக்கை.

அந்த வாகனத்தில் ஏறியதும் ஒவ்வொரு பொருளும் வேறொன்றாக மாறியது. ஏணிப்படி பிள்ளைக்காகச் செய்தது, "நான் எங்கே நிற்கிறேன்?" என்று அது தானே தெரிந்துகொள்ள. ஆனால் பார்வைக்கு வருகிறவருக்கும் அது ரொம்ப வசதி. ஒரு பார்வையில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். "இந்தப் பையன் ஏன் இன்னும் இதே அட்டையிலேயே இருக்கான்?" என்ற கேள்வி ஆரம்பித்தவுடன் பையன் அடுத்த அட்டைக்குப் போயே ஆக வேண்டும். கற்றுக்கொண்டு போனானா என்பது வேறு விஷயம். அவரவர் வேகத்தில் கற்கலாம் என்பதுதான் அந்த முறையின் உயிர். அந்த வேகத்தை ஆசிரியரின் குறையாக எழுதிவைக்க ஆரம்பித்த கணத்தில் உயிர் போய்விட்டது. 1868இன் ஆய்வாளர் செயல்வழிக் கற்றல் வகுப்பறைக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் எப்போதும் அங்கேதான் இருந்தார்.

பாய்க்கும் அதே கதி. தானாக இறங்கி உட்கார்ந்தால் அது அன்பு, நம்பிக்கை. உட்காரச் சொல்லி உத்தரவு வந்தால் அது வேறு. ஓய்வுபெற ஐந்து வருஷம் இருக்கிற, மூட்டு வலியுள்ள ஆசிரியைக்கு அது தண்டனை. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சோம்பேறிகளின் எதிர்ப்பு என்று ஊடகங்களில் பலர் அதை எளிதாக ஒதுக்கினார்கள். சோம்பேறிகளும் இருந்திருப்பார்கள்தான். ஆனால் பிள்ளைகளின் பேச்சைக் கேளுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்ன துறை, ஆசிரியர்களின் பேச்சைக் கேட்கும் பழக்கத்தைத் தான் கற்றுக்கொள்ளவில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்றை ஆசிரியர் எப்படிப் பிள்ளைக்குக் கொடுப்பார்?

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. செயல்வழிக் கற்றல் வந்தது அனைவருக்கும் கல்வி இயக்கம் என்ற தனி அமைப்பு வழியாக. வட்டார வள மையமும் ஆசிரியர் பயிற்றுநர்களும் அதன் ஆட்கள். ஆனால் ஆசிரியரின் சம்பளம், விடுப்பு, மாறுதல், தண்டனை எல்லாம் தொடக்கக் கல்வித் துறையின் உதவி அலுவலர் கையில். ஒரே வகுப்பறைக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் புதிய பாஷை பேசுகிறார், இன்னொருவர் பழைய பாஷை பேசுகிறார். யார் கையில் மாறுதல் ஆணை இருக்கிறதோ அவர் பாஷைதான் கடைசியில் ஜெயிக்கும்.

பிறகு அதிகாரிகள் மாறினார்கள், ஆட்சி மாறியது. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. அட்டைகள் மெல்ல மெல்லப் பின்னால் போய்ப் புத்தகம் முன்னால் வந்தது. 1836இல் மன்றோவின் பள்ளிகளுக்கு நடந்த மாதிரி ஒரே நாளில் மூடப்படவில்லை. கரைந்தது.

தபால் நிலையம்

இது தமிழ்நாட்டின் தனிக்கதை இல்லை. 2016இல் யாமினி அய்யரும் ஷ்ரயானா பட்டாச்சார்யாவும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வட்டார அளவிலான கல்வி அதிகாரிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே தபால் நிலையம் இருந்தது. மேலேயிருந்து வரும் ஆணையைக் கீழே அனுப்புவதும் கீழேயிருந்து வரும் தகவலை மேலே அனுப்புவதும்தான் தங்கள் வேலை என்று அந்த அதிகாரிகள் தங்களைப் பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. அதில் எழுதியிருப்பது சரியா என்று யோசிப்பது அவர் வேலையும் இல்லை.

அக்‌ஷய் மங்களாவின் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இமாச்சலப் பிரதேசமும் உத்தராகண்டும் ஒரே மாதிரி மலை மாநிலங்கள், ஒரே சட்டங்கள், ஒரே மத்தியத் திட்டங்கள். இருந்தும் தொடக்கக் கல்வியில் இமாச்சல் முந்தியது. அவர் சொல்லும் காரணங்களில் முக்கியமானது அதிகாரிகளின் பழக்கம். ஒரு பக்கம் விதியைக் கறாராகப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். இன்னொரு பக்கம் ஊரோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து பேசி, தேவைப்பட்டால் விதியை வளைத்துப் பிரச்சினையைத் தீர்க்கும் பழக்கம். நெ.து.சு. காலத்து மாநாடுகளை நினைத்துக்கொண்டால் இது நமக்கும் புதிதில்லை என்று தெரியும்.

அப்படியானால் துறையின் பண்பாட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டுமா? அது நடக்காத காரியம். பண்பாடு அரசாணையால் மாறாது என்பதைத்தான் இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஒவ்வொரு புதிய திட்டத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். "இந்தப் பிள்ளைக்கு இன்னும் வாசிக்க வரவில்லை" என்ற உண்மையை ஓர் ஆசிரியர் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? உதவி கிடைக்குமா, விளக்கம் கேட்டு நோட்டீஸ் கிடைக்குமா? நோட்டீஸ்தான் என்றால் அந்த உண்மை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. உண்மை ஏறாத பதிவேட்டை வைத்துக்கொண்டு சென்னையில் எவ்வளவு அழகான வரைபடம் போட்டாலும் அது வலது கையும் இடது கையும் சேர்ந்து தூக்கின வகுப்பின் படம்தான்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. அதிலும் பிள்ளைகள் நிலைக்கேற்பப் பிரிக்கப்பட்டார்கள், பாட்டும் செயல்பாடும் வந்தன. நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது. கூடவே கைபேசிச் செயலிகளும் வந்தன. வருகை, மதிப்பீடு, பயிற்சி என எல்லாவற்றையும் பதிவேற்ற வேண்டும். பாடம் நடத்தும் நேரத்தைப் பதிவேற்றம் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர்கள் தொடர்ந்து சொல்கிறார்கள். பழைய ஆய்வாளராவது வருஷத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை வந்தார். இப்போது அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறார்.

செயல்வழிக் கற்றல் நடந்த பள்ளிகள் பலவற்றில் இன்னும் ஒரு தடயம் பாக்கியிருக்கிறது. சுவரின் அடியில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வகுப்பைச் சுற்றி ஓடும் கரும்பலகைப் பட்டை. அது யாருக்காக அந்த உயரத்தில் இருக்கிறது என்று அட்டைகள் போன பிறகு பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. சாக்பீஸ் கையில் கிடைத்தால் போதும், நேரே அங்கேதான் போய் உட்காரும்.